பள்ளத்தூர் வீட்டில் வி.ஆர்.எஃப். ஏசி: ஐந்து வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் வீட்டில் ஏழு அறைகளை விருந்தினர் தங்க விடுகிறோம். ஏழுக்கும் சேர்த்து மொட்டைமாடியில் ஒரே அவுட்டோர், 16 ஹெச்.பி. வி.ஆர்.எஃப்., அதாவது வெளியே ஒரே கம்ப்ரஸர் பெட்டி (அவுட்டோர்) வைத்து, ஒவ்வொரு அறையிலும் இருக்கும் பெட்டிக்கு (இன்டோர்) தேவைக்கேற்ப கேஸ் அனுப்பும் ஏசி. குளிர்விக்கும் கேஸ் ஆர்-410ஏ. 2020 கடைசியில் போட்டது. எந்த கம்பெனி மெஷின் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் பதினைந்து மாதம் நாங்கள் பட்ட பாடு முழுக்க கமிஷனிங், அதாவது பொருத்திய மெஷினைச் சோதித்துச் சரிபார்த்து ஓட்டி ஒப்படைக்கும் வேலை, ஒழுங்காக நடக்காததால் வந்தது, அதனால் அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

தனித்தனி ஸ்ப்ளிட் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் வீடுதான். முகப்பில் ஏழு அவுட்டோர் தொங்குவதைப் பார்க்க மனம் வரவில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி இழைத்த சுவரில் டிரில் மெஷின் வைத்துக் குடைந்தால் மறுபடி அதேபோல் பூச ஆள் கிடைப்பதே கஷ்டம். அதனால் பழைய வென்டிலேட்டர் வழியாகவே காப்பர் குழாயை வெளியே எடுத்து மாடியில் ஓட்டினோம்.

முதலில் வேலை எடுத்தவர்கள் ஒரே மத்தியானத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். ஒவ்வொரு அறையாகப் போட்டு, "கை வைத்துப் பாருங்க சார், ஜில்லுன்னு வருதா?" என்றார்கள். வந்தது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த சித்திரையில் மேற்குக் கோடி அறைகள் இரண்டும் மத்தியானம் 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. வளவு (நடு முற்றம்) பக்கத்து அறை ஒன்றில் இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டி, கஜலட்சுமி செதுக்கிய பர்மா தேக்கு வாசல்நிலையில் இறங்கி ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துவிட்டது. எங்கள் ஐயா காலத்து நிலை அது. அந்தக் கறை இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

2022 மாசியில் மதுரையிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தோம். கூட இரண்டு மெக்கானிக். நான்கு நாள் தங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

முதல் வேலையாக இருந்த கேஸ் முழுவதையும் சிலிண்டரில் திரும்ப எடுத்து எடை போட்டார்கள். வி.ஆர்.எஃப்.பில் கேஸை பிரஷர் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றக் கூடாது. லிக்விட் குழாய் எந்த சைஸில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தராசில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். மூன்று நூல் (3/8 அங்குல) குழாய்க்கு மீட்டருக்கு 60 கிராம் அளவில் வரும், நான்கு நூல் என்றால் 120. எங்கள் மெஷினில் கிட்டத்தட்ட மூன்று கிலோ குறைவு. பாதி முதலிலேயே ஏற்றாதது, மீதி குழாயை இணைக்கும் ஒரு ஃப்ளேர் நட்டில் கசிந்தது என்று அவர் கணித்தார். சோப்புத் தண்ணீர் தடவியதும் அந்த நட்டில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்ததை நானே பார்த்தேன்.

அதைச் சரி செய்துவிட்டு, வேறு கசிவு இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றி 550 பி.எஸ்.ஐ.யில் சாயங்காலம் மூடினார்கள். விடிந்ததும் மாடிக்கு ஓடிப் பார்த்தால் 535. இன்னும் எங்கேயோ போகிறது என்று பதறிவிட்டேன். அவர் நிதானமாக, "ராத்திரி எட்டு டிகிரி இறங்கியிருக்கு சார். இந்த பிரஷருக்கு ஒரு டிகிரிக்கு இரண்டு பி.எஸ்.ஐ.க்கு கொஞ்சம் குறைச்சலா இறங்கும். சாயங்காலம் பாருங்க" என்றார். மறுபடி வெயில் ஏறி, முந்தின நாள் மூடிய அதே சூடு வந்தபோது முள் 550இல் வந்து நின்றது. 24 மணி நேரம் வைக்கச் சொல்வது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. வேக்கத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் மாட்டி 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்ப்பை மூடி, ஏறுகிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர்களிடம் அந்தக் கருவியே கிடையாது. குழாய்க்குள் ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸர் மோட்டாரின் வைண்டிங்கை அரித்துவிடும், அது தெரிய வர ஒன்றிரண்டு வருடம் ஆகும், அதற்குள் வேலை செய்தவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

தண்ணீர் சொட்டியதற்குக் காரணம் ரசமட்டம் வைத்ததும் தெரிந்துவிட்டது, டிரெயின் குழாய் நடுவில் எதிர்வாட்டமாக ஏறியிருந்தது. நூறுக்கு ஒன்று வாட்டம் கொடுத்து மாற்றினார்கள். பிறகு ஏழு இன்டோரிலும் டிரேயில் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று பார்த்தோம். இன்டோருக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும் இதற்கு.

எனக்கு மறக்க முடியாதது சமையல்கட்டு எக்ஸாஸ்ட். ஆரம்பத்திலிருந்தே எங்கள் சமையல் அக்கா, "அண்ணே, பேன் ஓடுது, புகை மட்டும் போகமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோழி வறுக்கும் வாசம் பட்டாலைக் கூடம் வரைக்கும் வரும். பில்டர் மாற்றினோம், டக்ட்டைக் கழுவினோம், பலனில்லை. அந்தப் பொறியாளர் ஹூடுக்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்தார், அது லேசாக ஆடியதே தவிர ஒட்டவில்லை. நேரே மாடிக்குப் போய் ப்ளோயர் கவசத்தில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தார். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேஸில் இரண்டு ஒயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வகை ப்ளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றை அதே பக்கமாகத்தான் தள்ளும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒயரை மாற்றினார், பேப்பர் பட்டென்று ஹூடில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த அக்கா பதினைந்து மாதம் புகையில் நின்றிருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு அன்றே ஆளை விட்டுப் பார்க்காதது என் தப்பு.

ஆபீஸ் கன்ட்ரோலரில் ஐந்தாம் அறையும் ஆறாம் அறையும் பெயர் மாறிக் கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. காலி அறை என்று நினைத்து ஆள் தூங்கும் அறையை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாசியில் லோடு டெஸ்ட் (கடும் வெயிலில் மெஷின் தாங்குகிறதா என்ற சோதனை) செய்து பிரயோஜனமில்லை என்று அந்தப் பொறியாளர் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மறுபடி வந்தார். வெளியே 39 டிகிரி, ஆனால் அவுட்டோர் இழுக்கும் காற்று 46. மூன்று பக்கமும் கைப்பிடிச்சுவர், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கேட்லாக்கில் போட்டிருக்கும் கூலிங் அளவு வெளியே 35 டிகிரிக்குக் கணக்கிட்டது, 46இல் அது கிடைக்காது. மேலே தகரத்தில் ஒரு ஹூடு அடித்து சூடு சுவரைத் தாண்டிப் போகும்படி செய்தோம். மேற்கு அறைகள் அந்த வாரமே 25க்கு இறங்கின.

அதற்குப் பிறகு கம்ப்ரஸரைத் தொடவில்லை, கேஸும் ஏற்றவில்லை. வந்த செலவெல்லாம் வெளியில்தான். மாடிக் குழாயின் கறுப்பு இன்சுலேஷன் இரண்டே கோடையில் வெயிலில் வெடித்து, அணிலும் கொறித்துவிட்டது, இப்போது அலுமினியத் தகடு சுற்றியிருக்கிறேன். முதலிலேயே சுற்றச் சொல்லுங்கள். ஓர் ஐப்பசி மழையில் இடி விழுந்து, அவுட்டோரையும் இன்டோர்களையும் தொடர்புபடுத்தும் கம்யூனிகேஷன் போர்டு ஒன்று போனது, எர்த்தைப் புதிதாகப் போட்டபின் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, 18இல் வைக்கிற பழக்கம். மழைக்காலத்தில் அறையை அப்படிக் குளிரவைத்து வளவுப் பக்கம் கதவைத் திறந்தால் ஆத்தங்குடி தரை வியர்க்கிறது, காலை வைத்தால் வழுக்குகிறது. இப்போது கன்ட்ரோலரில் 24க்குக் கீழே போகாமல் பூட்டிவிட்டு எல்லா அறையிலும் சீலிங் ஃபேன் போட்டிருக்கிறேன். உயரமான கூரைக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

நான்கு நாள் ரீடிங் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், ஏற்றிய கேஸ் எடை முதல் ஒவ்வொரு இன்டோரின் காற்று சூடு வரை. தை மாதம் சர்வீஸுக்கு யார் வந்தாலும் அந்த நோட்டை முதலில் கையில் கொடுக்கிறேன். ஆறாம் அறை மட்டும் மூன்று மணி வெயிலுக்கு இன்னும் தாமதமாகத்தான் குளிர்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டியிருக்கிறேன், வரும் கோடையில் பார்க்க வேண்டும்.