நான்கு மொழி வகுப்புகளில் ஒரு வாரம்: கோவைப் பயிற்சி மையம் ஒன்றைப் பற்றி

நாற்பதைக் கடந்த பிறகு அயல்மொழி ஒன்றைக் கற்க நினைத்ததற்கு என்னிடம் பெரிய கனவு எதுவும் காரணமாக இல்லை. நான் வேலை செய்யும் பம்பு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வாடிக்கையாளர்கள் வந்து போகிறார்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பதால் அவர்களோடு அளவுகருவியும் கையுமாக நிற்க வேண்டியவன் நான். இரண்டில் எந்த மொழி என்று முடிவு செய்ய முடியாமலே ஓராண்டு போய்விட்டது. காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் தனியார் பயிற்சி மையம், பணம் கட்டுவதற்கு முன் ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம் ஆகிய நான்கு வகுப்புகளிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்ததைக் கண்டு போனேன். கீழே குறைகளும் வரப்போவதால் மையத்தின் பெயரைச் சொல்லவில்லை.

உள்ளே நுழைந்ததும் இருப்பது ஆலோசனை மேசை. அதன் பின்சுவரில், எந்த மொழிக்கு எத்தனை வாரம் ஆகும் என்று காட்டும் அட்டவணை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். ஜெர்மனுக்கு 36 வாரம், ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் 88 வாரம் என்று அதில் இருந்தது. ஆலோசகர் அதைக் காட்டி, “ஜப்பானீஸ் ரொம்பக் கஷ்டமுங்க சார், ஜெர்மன்லயே சேர்ந்துக்குங்க” என்றார். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு, அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, மொழி கற்பித்த அனுபவத்திலிருந்து எடுத்தவை. தமிழில் நினைப்பவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி அந்த மேசையில் எழவே இல்லை.

எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் செவிலியர் பட்டம் முடித்த இளம்பெண். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்றார். அவரிடம் ஆறு மாதத்தில் பி2 நிலையை, அதாவது ஏ1இல் தொடங்கி சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் நான்காம் படியை, முடித்துவிடலாம் என்று சொன்னார்கள். தொடக்கத்திலிருந்து பி2 வரை போக 45 நிமிடப் பாடவேளைகள் குறைந்தது 600 தேவைப்படும். இந்த மையத்தின் நேர அட்டவணைப்படி நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று விடுமுறையே இல்லாமல் நடத்தினாலும் ஆறு மாதத்தில் 350 பாடவேளைதான் வரும். அந்தப் பெண் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் ஏ1 நிலைக்கு மட்டும் கட்டுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். ஆலோசகருக்கு என் மேல் அன்று முதல் பிரியமில்லை.

மேசையைக் கடந்து வகுப்பறைக்குள் போனால் மையம் வேறு முகம் காட்டுகிறது. பிரெஞ்சு வகுப்பில் பெரும்பாலோர் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள். எழுதியதில் பாதி எழுத்தை வாயில் போட்டு விழுங்கும் அந்த மொழி எனக்கு ஒட்டவில்லை. தொண்ணூற்றொன்பதை அவர்கள் ‘நான்கு இருபதும் பத்தொன்பதும்’ என்று எண்ணுவதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றியது, ஆனால் தொண்ணூற்றுக்குள் நூற்றை ஒளித்து வைத்திருக்கும் நாம் சிரிக்க முடியாது. கொரிய வகுப்பு தொடர் பார்க்கும் கல்லூரிப் பெண்களால் கலகலப்பாக இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் வகுத்த எழுத்துமுறை அவ்வளவு ஒழுங்கானது என்பதால் இரண்டாம் நாளே எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்பவராக இருந்தால் நான் அங்கேயே தங்கியிருப்பேன்.

ஜெர்மன் வகுப்பு நன்றாகவே நடக்கிறது. ஆசிரியர் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாம் பாலுக்குப் பச்சை என்று வண்ணம் பிரித்து எழுதுகிறார். மேசை ஆண், கதவு பெண், ‘சிறுமி’ என்ற சொல்லோ ஆணுமில்லை பெண்ணுமில்லை என்பதை ஜீரணிக்கத் திணையும் பாலும் படித்த மூளைக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. எட்டு வேற்றுமைகளைப் பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு நான்கு வேற்றுமை பயமில்லை என்று நினைத்தேன். நம் உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டுகிறது; அங்கேயோ பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல் உருமாறுகிறது, பாலை மறந்தால் வேற்றுமையும் கைவிட்டுப் போகிறது.

ஜப்பானிய வகுப்பில் நடந்ததைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஆசிரியை, ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்து திரும்பிய தமிழ்ப் பெண்மணி, பலகையில் எழுத்து வரிசையை எழுதினார்: அ, இ, உ, எ, ஒ. அதன்கீழ் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ‘ப’ ஒலித்தது என்று அவர் சொன்னதும் அறையில் ஒரு முணுமுணுப்பு. அது நம் அரிச்சுவடியின் வரிசை அல்லவா. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதம் பயின்ற வழியாக இந்திய நெடுங்கணக்கின் முறை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்து ‘தபெதெ மிரு’ என்று எழுதினார். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு, ‘மிரு’ என்றால் பார். சேர்த்தால் சாப்பிட்டுப் பார். ‘கைதெ ஒகு’ என்றால் எழுதி வை. கண்ணால் பார்க்கும் ‘பார்’ எப்படி முயன்று பார்க்கும் ‘பார்’ ஆனது என்று ஆங்கிலம் பேசுபவருக்கு ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கும். எங்களுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால் என்று வாக்கியமும் நம் வாக்கியம்போலவே நடக்கிறது. தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ சொன்ன கருத்தை ஆசிரியை உறுதியான உண்மைபோல் எடுத்துரைத்ததை மட்டும் நான் ஏற்கவில்லை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்வதில்லை. கற்பவனுக்கு உறவுமுறை தேவையுமில்லை, நடை ஒத்திருந்தால் போதும்.

அந்த வாரக் கடைசியில் ஜப்பானியத்தில் சேர்ந்தேன். கடினம் என்ற அட்டவணை முழுக்கத் தவறு என்று சொல்ல வரவில்லை. வழக்கில் உள்ளவை என்று ஜப்பானிய அரசு பட்டியலிட்ட சீன எழுத்துகள் மட்டும் 2136. அவற்றுக்குத் தமிழ் எந்த உதவியும் செய்யாது. என் நோட்டில் முதல் நூறு எழுத்துகளே கோழி கிளறிய முற்றம்போல் கிடக்கின்றன.

சேர்ந்த பின் தெரிந்த குறைகள் சில. ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் என்றார்கள், இருபத்து மூன்று பேர் இருந்தோம். பாடநூல் கட்டணத்தில் அடக்கம் என்று சொல்லிவிட்டு, ஓரத்து வரி வெட்டுப்பட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அந்த ஆசிரியை விலகினார். புதிதாக வந்தவர் பேசவே விடாமல் வினாத்தாளை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். இதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை எந்த நிலையிலும் பேச்சையோ எழுத்தையோ சோதிப்பதில்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜெர்மன் தேர்வில் படிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கும் உண்டு என்பதால் பக்கத்து அறையில் எப்போதும் பேச்சொலி கேட்டுக்கொண்டே இருக்கும். பேசிப் பழக வேண்டும் என்பதே ஒருவரின் முதல் தேவையாக இருந்தால், இந்த மையத்தில் ஜெர்மன் வகுப்பே மேல்.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. ஜப்பானியத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் மட்டுமே நடக்கிறது; விண்ணப்பப் பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். மையத்தில் ஒருவரும் நினைவூட்டவில்லை. நானாக விசாரித்தபோது ஜூலைத் தேர்வுக்கான பதிவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. “டிசம்பர்ல எழுதிக்கலாங்க சார்” என்றார் அதே ஆலோசகர். டிசம்பரில் சென்னைக்குப் போய் என்5 எழுதினேன். 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, நான் 121 எடுத்தேன்.

ஒரு வார இலவச வகுப்புக்காக மட்டும் என்றால் இந்த மையத்துக்கு யாரையும் தயங்காமல் அனுப்புவேன்; போகிறவர்கள் முதல் நாளே மேசையில் பணம் எடுக்காமல், நான்கு அறைகளிலும் உட்கார்ந்துவிட்டு, தம் வேலைக்குத் தேவையான தேர்வின் பெயரையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்கு அண்மையில் வந்த ஜப்பானிய ஆய்வாளரிடம், அளவு சரியாக இருக்கிறதா, ‘மிதெ மிமஷோ’, பார்த்துப் பார்ப்போம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். என்4 வகுப்புக்கு அதே மையத்தில் பணம் கட்டியிருக்கிறேன். விலகிய ஆசிரியை திரும்பி வந்திருக்கிறார் என்பதே காரணம். இம்முறை ரசீதில் அவர் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.