ஒலி உறிஞ்சும் பேனல் என்று சொல்லி மாட்டப்பட்ட தெர்மாகோல்

கோவையில் எங்கள் வீட்டு மாடியில் 14 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே வைத்திருக்கிறேன். அந்த அறைக்கு ஒலி உறிஞ்சும் பேனல் அமைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு ஒப்பந்ததாரரிடம் 66,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் படிக்கட்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலிக்கும்போதெல்லாம் அறை முழுவதும் ‘கும்’ என்று நிறைந்து, அதன் பின்னால் வரும் நடை கலங்கிப்போவதுதான் என் குறை. வந்து பார்த்தவர், 50 மில்லிமீட்டர் கனமும் கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் கொண்ட ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்ப் பஞ்சு) வைத்து, 4 அடிக்கு 2 அடி அளவில் 12 பேனல்கள் செய்து தருவதாக வாயால் சொன்னார். “பக்கத்து வீட்டுக்கும் சத்தம் போகாது சார்” என்றும் சேர்த்துக்கொண்டார். அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைப்பது வேறு, ஒலி வெளியே போகாமல் தடுப்பது வேறு. இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். கொட்டேஷனில் ‘அக்கூஸ்டிக் பேனல், 12 எண்ணம்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதையும் நான் கவனிக்காமல் முன்பணமாக 50,000 கொடுத்துவிட்டேன்.

மாட்டியபின் அறை அழகாக இருந்தது, ஆனால் பாட்டு கெட்டது. வயலினின் மேல் ஸ்தாயி மினுமினுப்பு மங்கியது. தொப்பியின் ‘கும்’ அப்படியே நின்றது. கேட்டதற்கு, காது பழக ஒரு மாதம் ஆகும் என்றார். நானும் ஒரு மாதம் பழகினேன்.

பிறகு ஒரு நாள் கொக்கி கழன்று ஒரு பேனல் கீழே விழுந்தது. சட்டத்தின் மூலை விரிந்து, வெள்ளை மணிகள் தரையெல்லாம் உருண்டன. துணியைக் கிழித்துப் பார்த்தால், அரை அங்குல ஃபோமும் அதன் பின்னால் தெர்மாகோலும் இருந்தன. உள்ளிருந்தவற்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன். அரைக் கிலோ கூட இல்லை. சொன்ன அடர்த்தியில் ராக்வூல் இருந்திருந்தால், அந்த அளவுக்கு உள்ளடக்கம் மட்டுமே ஏறத்தாழ 1.8 கிலோ இருந்திருக்க வேண்டும்.

தெர்மாகோலுக்குள் காற்று புகாது. நார்களுக்கிடையே காற்று அசைந்து, உரசி, அந்த ஆற்றல் வெப்பமாக மாறினால்தான் ஒலி உறிஞ்சப்படும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர் என்பதால், சுவரோடு ஒட்டிய அரை அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாமல், உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிடுகிறது. அவர் காட்டிய விளம்பரத் தாளில், பேனல் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதைக் குறிக்கும் என்.ஆர்.சி. எண் 0.85 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்த எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் சராசரியே ஒழிய, என் தொல்லை இருந்த கீழ்ப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. 14 அடி நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி தேங்கிப் பெரிதாகும் முதல் தேக்கமே சுமார் 40 ஹெர்ட்ஸில் வரும், அடுத்தது 80இல்.

மாட்டிய இடமும் தவறு. பன்னிரண்டையும் சோபாவுக்குப் பின்சுவரில் சதுரங்கக் கட்டம் போல அடுக்கியிருந்தார். கேட்கும் நாற்காலியில் நாம் அமர்ந்துகொண்டு, பக்கச் சுவரில் இன்னொருவர் கண்ணாடியை நகர்த்திவரும்போது, அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் முதல் பேனல் வர வேண்டும். அந்த இடங்களில் வெறும் சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது.

தொலைபேசியில் அழைத்தபோது, துணியின் நிறத்தை வேண்டுமானால் மாற்றித் தருவதாகச் சொன்னார், அதன்பின் எடுக்கவில்லை. ரசீதில் ராக்வூல் என்ற சொல்லே இல்லாததால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. பொருளின் பெயர், கனம், அடர்த்தி மூன்றையும் எழுதி வாங்குங்கள். துணி தைப்பதற்கு முன் ஒரு பேனலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த பேனலில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு உள்ளே போகாமல் முகத்திலேயே திரும்பினால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பின்னர் நானே ராக்வூல் வாங்கி, ஆசாரியிடம் சட்டம் செய்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஆறு பேனல்கள் கட்டினேன். நான்கைக் கண்ணாடி காட்டிய இடங்களில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினேன். இரண்டை இரட்டைக் கனத்தில் மூலைகளில் நிறுத்தினேன். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்ததிலேயே ‘கும்’ பாதி அடங்கியது, அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. 40 ஹெர்ட்ஸ் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் தொப்பிக்குப் பின் வரும் நடை இப்போது தனித்தனியாகக் கேட்கிறது. பழைய பேனல்களில் ஒன்றை மகள் தன் அறையில் அறிவிப்புப் பலகையாக மாட்டியிருக்கிறாள். தெர்மாகோல் என்பதால் குண்டூசி நன்றாக இறங்குகிறதாம்.