"எலும்புக் குகை" டூர்: அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வாட்ஸ்அப்பில் "ஆதிகால மிருகங்களின் எலும்புக் குகை, இரண்டு நாள் டூர்" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். தலைக்கு 3,800 ரூபாய் கட்டி, பள்ளிப் பிள்ளைகளோடு 18 பேர் ஏமாந்து திரும்பியிருக்கிறோம்.

காட்டுவதாகச் சொன்னது ஆந்திராவின் பில்லசுர்க்கம். இறக்கிவிட்டது பேலம். இரண்டும் நந்தியால் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் குகைகள்தான். ஆனால் 1880களில் ஆங்கிலேயப் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகனும் காண்டாமிருகம், கழுதைப்புலி எலும்புகளைத் தோண்டியெடுத்தது பெத்தம்செர்லா பக்கத்துப் பில்லசுர்க்கத்தில். அவை அப்போதே ஆய்வுக்குப் போய்விட்டன. சரியான குகைக்கே கூட்டிப்போயிருந்தாலும் "எலும்பை நேரில் காட்டுகிறேன்" என்ற பேச்சு பொய்தான்.

பேலத்தைக் குறை சொல்வதற்கில்லை. 3,229 மீட்டர் நீளம். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே கடும் புழுக்கம், வெளிக்காற்றை மெஷின் வைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள், சில இடங்களில் குனிந்தே போக வேண்டும். எங்களோடு வந்த, மூச்சுத்திணறல் உள்ள பெரியவரிடம் இதைச் சொல்லாமல் டிக்கெட் எடுத்தது மன்னிக்க முடியாதது.

பெரிய கொள்ளை வழியில் வேனை நிறுத்திய கடையில். "குகையில் கிடைத்த டைனோசர் பல்" 900 ரூபாய், "முட்டை" 1,500. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. குகை எலும்புகள் அதற்கு எத்தனையோ காலம் பிந்திய பனியுக விலங்குகளுடையவை. அந்தப் பல்லை நகத்தால் கீறினால் வெள்ளை மாவு உதிர்ந்தது: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சுண்ணாம்புக்கல்லில் நகம் ஏறாது. ஆசிட் விட்டு நுரையைக் காட்டி "அசல்" என்றால் அதையும் நம்பாதீர்கள், சாதாரணச் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும். முட்டை என்றது வெறும் உருண்டைக் கல். 2020இல் பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று பரபரப்பான கற்களும் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றி இறுகிய கடல் படிவு உருண்டைகள் என்றே தெரியவந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "டீசலுக்கே சரியாப் போச்சு" என்கிறார் டூர்க்காரர். ஏற்கெனவே கட்டியவர்கள் ஜிபே ரசீதையும் விளம்பரப் படத்தையும் அழிக்காமல் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குப் புதைபடிவம் காட்டத்தான் ஆசை என்றால் கொள்ளிடம் தாண்டினால் போதும். குகை கிடையாது, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகவே மாறிப்போன 18 மீட்டர் நீள மரமும் உண்டு. காலையில் போனால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.