ஃபைல் காப்பி ஆகும்போது பட்டை எதை எண்ண வேண்டும்?

டெஸ்க்டாப் மென்பொருளில் ஒரு ப்ராக்ரஸ் பாரை வைப்பது பத்து வரி வேலை. அது எதை எண்ணி நகர வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஃபைல்களின் எண்ணிக்கை, பைட் அளவு, எதையும் எண்ணாமல் ஓடும் கோடு என மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

4 கேபி அளவில் 10,000 ஃபைல்கள், கூடவே 4 ஜிபி வீடியோ ஒன்று. இவை பென் டிரைவுக்குப் போவதாகக் கொள்வோம். எண்ணிக்கையை நம்பினால், வரிசையில் கடைசியாக நிற்கும் வீடியோ தொடங்கும்போதே பட்டை 99.99 சதவீதத்தைத் தொட்டுவிடும். பிறகு பல நிமிடம் அசையாது. ஹேங் ஆகிவிட்டது என்று பயனர் மூடிவிடுவார்.

பைட்டை எண்ணினால் கோளாறு முன்பக்கம் வந்துவிடுகிறது. சின்ன ஃபைல்கள் அத்தனையும் சேர்ந்து 40 எம்பிதான், மொத்தத்தில் 1 சதவீதம். ஆனால் ஒவ்வொன்றையும் உருவாக்க, மூட, டைரக்டரியில் பதிய ஆகும் நேரம், 4 கேபியை எழுதும் நேரத்தைவிட அதிகம். அதனால் பட்டை 1 சதவீதத்துக்குள்ளேயே தவழும். மீதி நேரம் மணிக்கணக்கில் காட்டும். வீடியோ தொடங்கியதும் சட்டென்று சில நிமிடமாகச் சரியும்.

இரண்டில் ஒன்று என்றால் பைட்தான், ஒரு திருத்தத்தோடு. ஃபைல் ஒன்றுக்கு 64 கேபி என்று நிலையான சுமையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 10,000 ஃபைல்களின் பங்கு 680 எம்பி ஆகும். மொத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். 64 ஒன்றும் வேதவாக்கு இல்லை. நெட்வொர்க் ஷேருக்குக் கூட்ட வேண்டியிருக்கும், எஸ்எஸ்டிக்குக் குறைக்கலாம்.

மொத்தத்தை முன்னாலேயே கணக்கெடுப்பதா, போகப்போக எடுப்பதா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. ஃபைல்களைக் காப்பி செய்யும் ஆர்சிங்க் (rsync) என்ற கருவி இயல்பாகப் போகப்போகத்தான் ஃபைல்களைத் தேடும். மொத்தம் பெருகப் பெருக, அது காட்டும் சதவீதம் பின்னுக்குப் போவதைப் பார்க்கலாம். முழுப் பட்டியலையும் முதலில் எடுக்கச் சொன்னால் இந்தப் பின்வாங்கல் நின்றுவிடும். தொடக்கம் தாமதமாகும், நினைவகமும் கூடுதலாகப் பிடிக்கும். பின்னுக்குப் போகும் பட்டைக்கு அந்தத் தாமதமே மேல்.

ஓடும் கோடு, மொத்தம் தெரியாதபோது மட்டும். துண்டு துண்டாக அனுப்பும் சர்வர் மொத்த அளவைச் சொல்லாது. டெஸ்க்டாப் மென்பொருள் எழுத உதவும் க்யூடி (Qt) நூலகம் அப்போது மொத்தத்தை -1 என்று தரும். அதை அப்படியே வகுத்தால் எதிர்மறைச் சதவீதம்தான் வரும். க்யூடியில் பட்டையின் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் 0 ஆக்கினால் கோடு தானாக ஓடும். பக்கத்தில் "38 எம்பி வந்துள்ளது" என்று ஒரு எண்ணாவது இருக்கட்டும். இணைப்பு அறுந்த பிறகும் கோடு ஓடிக்கொண்டே இருக்கும், அந்த எண் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

க்யூடி பட்டைக்கு இன்னொரு பொறியும் உண்டு. அதன் மதிப்பு 32 பிட் முழு எண், உச்சம் 2,147,483,647. பைட்டை நேரடியாகக் கொடுத்தால் 2 ஜிபியைத் தாண்டும் ஃபைலில் கணக்கு குழம்பும். 64 பிட்டில் கணக்கிட்டு, 0 முதல் 1000 வரை மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு 64 கேபிக்கும் பட்டையைத் தொடவும் வேண்டாம்: நொடிக்கு 100 எம்பி வேகத்தில் அது 1,500 முறைக்கு மேல். பத்து முறை போதும்.

எங்கே காட்டுவது? திரையை மறிக்கும் டயலாக் சின்ன வேலைக்குச் சரி. க்யூடியின் ஆயத்த டயலாக், வேலை 4 நொடிக்கு மேல் ஆகும் என்று கணித்தால்தான் தோன்றும்; அது நல்ல இயல்பு. ஆனால் திரையை மறிக்கும் நிலையில் மதிப்பை மாற்றும்போதெல்லாம் காத்திருக்கும் நிகழ்வுகளையும் (கிளிக் போன்றவை) அது இயக்கிவிடுவதால், உங்கள் காப்பி நிரலுக்குள்ளேயே வேறு நிரல் நுழையக்கூடும். நீண்ட வேலைக்கு ஸ்டேட்டஸ் பார்தான் என் தேர்வு. விண்டோஸ் 7 முதல் டாஸ்க்பார் ஐகானிலேயே பட்டை காட்டலாம். நிறுத்தியிருந்தால் மஞ்சள், பிழையென்றால் சிவப்பு. செலவு குறைவு, சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் லினக்ஸில் கடைசி 100 சதவீதம் பொய்யாக வாய்ப்புண்டு. எழுதியது முதலில் நினைவகத்தில் தங்கும். இயல்பு அமைப்பில், கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம் வரை இப்படிக் காத்திருக்கலாம். 8 ஜிபி இருந்தால் அது 1.6 ஜிபி; நொடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவுக்கு 160 நொடி வேலை. பயனர் 100ஐப் பார்த்ததும் பிடுங்குவார், வீடியோ பாதியில் நிற்கும். 64 எம்பிக்கு ஒருமுறை, நினைவகத்தில் இருப்பதை டிரைவில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் (fsync) அழைத்தால் மொத்த வேகம் கொஞ்சம் குறையும், பட்டை மட்டும் டிரைவோடு சேர்ந்து நகரும். அதற்கு மனமில்லையென்றால், கடைசியில் ஒரே ஒரு எஃப்சிங்க் அழைத்து, அது திரும்பும்வரை பட்டையை 99இல் நிறுத்தி "டிரைவில் எழுதுகிறது, எடுக்க வேண்டாம்" என்று காட்டுங்கள்.