மூக்கால வயர் விட்டுச் செய்யிற 24 மணித்தியால ரெஸ்ட் (வயித்து அமிலம் மேல வாறதோ எண்டு பாக்கிற சோதனை)
தொண்டைச் செருமலுக்கு கமரா விட்டுப் பாத்து (எண்டோஸ்கோப்பி) ஒண்டுமில்லை எண்டவை, கடைசியா கிளிநொச்சியில இருந்து கொழும்புக்குப் போய் தனியார் ஆஸ்பத்திரி ஒண்டில இதைச் செய்தனான். வயர் விடேக்க ஓங்காளிக்கும், தண்ணியை மிடறு மிடறா விழுங்கச் சொல்லுவினம், பிறகு பழகீரும். இடுப்பில ஒரு பெட்டி, சாப்பிட்டா படுத்தா இருமினா பட்டன் அமத்தோணும், குளிப்பு இல்லை. பீஎச் எண்ட அமில அளவு 4க்குக் கீழ போனா அமிலம், ஆனா அமிலமில்லாம மேல வாறதையும் இது பிடிக்கும், காசு அதுக்குத்தான். வழமையாச் சாப்பிடுங்கோ, நான் புட்டும் மீன்குழம்பும், கஞ்சி குடிச்சா ரெஸ்ட்டில என்னத்தைக் காட்டும்? அமிலத்தைக் குறைக்கிற குளுசை ஒமெப்ரசோலை ஒரு கிழமை முன்னமே நிப்பாட்டச் சொன்னவை, அந்தக் கிழமை வயரைவிட மோசம். அமில நேரம், அதாவது உணவுக்குழாயில பீஎச் 4க்குக் கீழ இருந்த நேரம், மொத்த நேரத்தில 6 வீதத்துக்கு மேல எண்டா வருத்தம், 4 வீதத்துக்குக் கீழ எண்டா இல்லை, இதைக்கூட அங்க ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல, ரிப்போட்டை கவுண்டரில நீட்டினதோட சரி, எங்கட டொக்டர்தான் பிறகு சொன்னவர். சும்மா குளுசை விழுங்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.