சின்க்டெஸ்ட்: ஸ்லீப் போட்டு டெஸ்ட் எழுதிய காலம் போதும்

கோ மொழியில் கேஷ், டைம்அவுட், ரீட்ரை என்று நேரத்தோடு மல்லுக்கட்டும் கோட் எழுதுகிறவர்கள் சின்க்டெஸ்ட் என்ற இந்த டெஸ்ட் பேக்கேஜை ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். எங்களிடம் ஒரு டெஸ்ட் இருந்தது. 100 மில்லி செகண்ட் தூங்கு, அதற்குள் பின்னணியில் ஓடும் கோரூட்டின் (கோவில் மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடும் சிறு வேலை) தன் வேலையை முடித்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதியது. என் லேப்டாப்பில் ஒரு நாளும் தவறாது, சிஐ மெஷினில் (கோட் மாறும்போது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வர்) அடிக்கடி விழும். காரணம் எளிது: ஸ்லீப் என்றால் குறைந்தது அவ்வளவு நேரம் என்று மட்டுமே பொருள், அந்த இடைவெளியில் மற்ற கோரூட்டினுக்கு முறை வந்ததா என்பது ஷெட்யூலர் கையில் இருக்கிறது, 2 கோர் மெஷினில் ஏகப்பட்ட டெஸ்ட்கள் ஒன்றாக ஓடும்போது யாரும் உத்தரவாதம் தர முடியாது. 500 ஆக்கினோம். மெதுவானதுதான் மிச்சம், அப்போதும் விழுந்தது.

சின்க்டெஸ்ட் கோ 1.24-ல் சோதனை நிலையில் வந்து, 2025 ஆகஸ்டில் வெளியான 1.25-ல் நிலையாகச் சேர்ந்தது. டெஸ்ட் ஒரு குமிழிக்குள், அதாவது தனியாகப் பிரித்த சூழலுக்குள் ஓடும், அதற்குள் தனிக் கடிகாரம், 2000 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கும். உள்ளே உள்ள எல்லா கோரூட்டின்களும் ஸ்லீப்பிலோ குமிழிக்குள்ளேயே உருவான சேனலிலோ (கோரூட்டின்கள் தகவல் பரிமாறும் வழி) காத்து நின்றால்தான் நேரம் நகரும், அதுவும் அடுத்த டைமருக்கு ஒரே தாவாக. 5 நிமிடத்தில் காலாவதியாகும் கேஷை, அதற்கு 1 நானோ செகண்ட் முன்பு இருக்கிறதா, சரியாக 5 நிமிடத்தில் போய்விட்டதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். இதை முதல்முறை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

சரி, குறைகள். மியூட்டெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒரே கோரூட்டினை மட்டும் விடும் பூட்டு) காத்திருப்பதை இது கணக்கில் எடுக்காது, நிஜ நெட்வொர்க்கில் படிக்கக் காத்திருப்பதையும் அப்படித்தான், அதனால் நேரம் நகராமல் டெஸ்ட் தொங்கிவிடும். நெட்வொர்க்குக்குப் பதில் நெட் பேக்கேஜில் உள்ள பைப்பை (மெமரிக்குள்ளேயே இயங்கும் போலி இணைப்பு) வைத்துச் சமாளித்தேன். அப்புறம், கோரூட்டின்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதை இது கட்டிப்போடுவதில்லை, அதனால் ஒரே தரவை இரண்டு கோரூட்டின்கள் மோதித் தொடுவதைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரை விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. டெஸ்ட் ஃபங்ஷன் முடிந்த பிறகும் உள்ளே ஏதாவது கோரூட்டின் காத்துக்கொண்டே நின்றால் டெட்லாக் (இனி யாரும் நகர முடியாத நிலை) என்று பேனிக் ஆகும், அதாவது டெஸ்ட் பிழையோடு நின்றுவிடும். எங்கள் கேஷை மூடிய பிறகும், பழைய பதிவுகளைத் துடைக்கும் கோரூட்டின் டிக்கரை (குறித்த இடைவெளியில் அடிக்கும் டைமர்) பார்த்தபடி உட்கார்ந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. அது எத்தனை மாதமாக புரொடக்‌ஷனில் கசிந்துகொண்டிருந்ததோ, அன்றைக்கே சரிசெய்துவிட்டோம்.