விலை கூடிய டார்ச்: கொடுக்கிற காசு எதற்குப் போகிறது?

பெட்டியின் மேல் "10,000 லூமன், 10 மணி நேரம்" என்று போட்டிருந்தால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள் (லூமன் என்பது டார்ச் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு). நல்ல 18650 செல் (18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளமுள்ள, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் செல்) ஒன்று 3500 எம்ஏஎச், அதாவது 3.5 ஆம்பியர்-மணி. அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. எல்லா இழப்பும் போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் கண்ணாடிக்கு வெளியே வந்தாலே அது நல்ல டார்ச். ஆக, ஒரு செல்லில் 1000 லூமன் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும், 200 லூமன் என்றால் ஆறு மணி நேரம். விலை எவ்வளவு ஆனாலும் இந்தக் கணக்கை ரொம்ப தூரம் தாண்ட முடியாது. கூடுதலாகக் கொடுக்கிற காசு, அந்த 12.6 வாட்-மணியை டார்ச் எப்படிச் செலவழிக்கிறது என்பதற்குத்தான்.

அதைத் தீர்மானிப்பது டிரைவர், அதாவது செல்லிலிருந்து எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் 3 வோல்ட். எல்இடிக்கு வேண்டியது சுமார் 3 வோல்ட். சாதாரண லீனியர் டிரைவர் மீதி 1.2 வோல்ட்டையும் வெறும் சூடாக்கிக் கழித்துவிடும். 3 ஆம்பியர் ஓடினால் 3.6 வாட் வீண், அதுவும் கையில் பிடித்திருக்கும் குழாய்க்குள்ளேயே. செல் இறங்க இறங்க மேல் மோடில் வெளிச்சமும் கூடவே இறங்கும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக், கூட்டித் தரும் பூஸ்ட் வகை டிரைவர்களில் இந்த வீணடிப்பு குறைவு, செல் ஏறக்குறைய தீரும்வரை வெளிச்சமும் ஒரே அளவில் நிற்கும். வித்தியாசம் கடையில் இரண்டு நிமிடம் அடித்துப் பார்த்தால் தெரியாது. இரவு நடையில் இரண்டாவது மணி நேரத்தில்தான் தெரியும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளை மேற்கூரை உள்ள குளியலறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் போனில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப்பைத் திறந்து வையுங்கள். முதல் 5 நிமிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை, பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை நம்பலாம். இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் உண்டு. டார்ச் கம்பெனிகள் பின்பற்றும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவுமுறையில் லூமனை டார்ச் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை எண்ணுகிறார்கள். 3000 லூமனில் தொடங்கி மூன்றே நிமிடத்தில் 500க்கு இறங்கிவிட்ட டார்ச்சும் "3000 லூமன், 2 மணி நேரம்" என்று போட்டுக்கொள்ள அதில் இடமிருக்கிறது. கையளவு அலுமினியக் குழாயால் அதற்கு மேல் சூட்டைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது, அதனால் எல்லா நல்ல டார்ச்சும் இறங்கத்தான் செய்யும். எந்த அளவில் போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள். உச்ச லூமனுக்காக மட்டும் 5000 ரூபாய் கூடக் கொடுப்பது வீண். கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும்.

தூரம் வேறு கணக்கு. 5 மீட்டர் தள்ளிச் சுவரில் விழும் ஒளியின் நடுப்பகுதியில் லக்ஸ் அளந்து 25ஆல் பெருக்கினால் காண்டெலா (ஒரு திசையில் ஒளியின் செறிவு) வரும். அதன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் எஃப்எல்1 தூரம். 400 லக்ஸ் என்றால் 10,000 காண்டெலா, 200 மீட்டர். ஆனால் அந்த 200 மீட்டரில் விழுவது கால் லக்ஸ், முழுநிலா வெளிச்சம் அளவுக்குத்தான். எதையாவது அடையாளம் காண வேண்டுமென்றால் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் தயங்காமல் காசு கொடுக்க வேண்டிய இடம் நிறம். கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்; சிஆர்ஐ என்பது நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு இடும் மதிப்பெண். 6500 கெல்வின், சிஆர்ஐ 70 உள்ள நீலம் கலந்த வெளிச்சத்தில் சருகும் மண்ணும் பழுப்புத் தவளையும் ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். நிச்சியா 519ஏ போல சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள எல்இடியில், 4500 கெல்வினில், அதே சருகின் மேல் தவளையின் முதுகுக்கோடு தனியாக எழுந்து நிற்கும். இரவில் பூச்சி, தவளை, பாம்பு பார்க்கப் போகிறவர்களுக்கு 1500 லூமன் நீல வெளிச்சத்தைவிட 600 லூமன் நல்ல நிறம் மேல். மகிழ்ச்சியான செய்தி, இதற்கு விலை அதிகமில்லை. கான்வாய் எஸ்2+ போன்ற மலிவான பொழுதுபோக்கு டார்ச்சுகளிலேயே 519ஏ எல்இடியைத் தேர்ந்து வாங்கலாம்.

வீடியோ எடுப்பவர்கள் பிடபிள்யூஎம் சிமிட்டலையும் (வெளிச்சத்தைக் குறைக்க எல்இடியை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவது) கவனியுங்கள். டார்ச்சைக் குறைந்த மோடில் வைத்து ஓடுகிற மின்விசிறியின் மேல் அடியுங்கள். இறக்கைகள் துண்டுதுண்டாக உறைந்து தெரிந்தால் படத்தில் கோடு விழும்.

விலை மலிவான டார்ச் பல இடங்களில் கெட்ட பெயர் வாங்குவது செல்லால்தான். 18650 அளவில் 9900 எம்ஏஎச் என்று ஒன்று கிடையாது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் 3500 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 35 கிராம் காட்டினால் அது அசல் 3500 இல்லை. அசல் செல்லும், 4.2 வோல்ட்டில் சரியாக நிறுத்தும் சார்ஜரும் வாங்கிய பிறகு மிஞ்சுகிற காசுக்கு டார்ச் பாருங்கள். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் 69 மில்லிமீட்டர்வரை நீளும், சில குழாய்களில் பின்மூடி முழுதாக மூடாது.

வாங்கி ஓரிரு வருடத்தில் வருகிற கோளாறுகளில் பல டார்ச்சின் கோளாறே இல்லை. மேல் மோடில் மினுக்குகிறது, தட்டினால் சரியாகிறது என்றால் மரையிலும் குழாய் விளிம்பிலும் அழுக்கு. மின்சாரம் போவது பூச்சில்லாத அந்த விளிம்பு வழியாகத்தான். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் விளிம்பைக் கறுப்பு வராத வரை தேயுங்கள். காய்ந்ததும் மரைக்கும் ஓ-ரிங்குக்கும் மட்டும் அரிசியளவு சிலிக்கோன் கிரீஸ். விளிம்பில் கிரீஸ் வேண்டாம். அப்புறமும் மினுக்கினால் பின்சுவிட்ச். வளையத்தால் இறுக்கிய சுவிட்ச் என்றால் இரண்டு முனை இடுக்கியால் கழற்றிச் சில நூறு ரூபாயில் மாற்றலாம். விலை உயர்ந்த பலவற்றில் தலைப்பகுதி பசை போட்டு ஒட்டியிருக்கும். அங்கே உத்தரவாதம்தான் வழி, அது எந்த ஊரில் நிறைவேற்றப்படுகிறது என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

செல் கழற்ற முடியாத டார்ச்சையும், கம்பெனி செல் மட்டுமே ஏற்கும் டார்ச்சையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 300 முதல் 500 முறை சார்ஜ் செய்ததும் செல் தளரும். அதோடு டார்ச்சும் முடிந்தது. சி-டு-சி கேபிளில் (இரு முனையும் யூஎஸ்பி-சி) சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு மலிவு டார்ச்சைத் திருப்பி அனுப்பும் முன் ஏ-டு-சி கேபிளில் போட்டுப் பாருங்கள். அந்தக் கேபிளில் சார்ஜரிடம் மின்சாரம் கேட்க டார்ச்சுக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை மிச்சம் பிடித்ததன் விளைவு பெரும்பாலும் அது.

மலையில் தனியாக நடப்பவர், குகைக்குள் போகிறவர், மழையில் வேலை செய்பவர் 8000 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நியாயம். நிலையான வெளிச்சமும் நீர் புகாத கட்டமைப்பும் அங்கே உயிர்காப்பு. மற்றபடி வீட்டுக்கும் வார இறுதி முகாமுக்கும் 2000 முதல் 4000 ரூபாய்க்குள் செல்லோடு சேர்த்து நிறைவாக முடிந்துவிடும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் செல்லை 3.7 வோல்ட் அளவில் விட்டு, பின்மூடியைக் கால் திருப்பு தளர்த்தி வையுங்கள். மரையில் பூச்சு இருக்கிற டார்ச் என்றால் மின்தொடர்பு அதிலேயே அறுந்துவிடும்.